அவசர சிகிச்சை மருத்துவருக்கு ஸ்கேன் உரிமை: சட்டத்தின் பிடியில் சிக்கிய கேள்வி

புது தில்லி: விபத்தில் அடிபட்டவரின் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்பதைப் படுக்கை அருகிலேயே சில நிமிடங்களில் ஸ்கேன் செய்து அறிந்துவிடலாம். அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர், கதிரியக்கவியல் நிபுணருக்காகக் காத்திராமல் இதைத் தாமே செய்ய என்ன தகுதி வேண்டும் என்பதில்தான் பல ஆண்டுகளாகச் சிக்கல் நீடிக்கிறது.

இச்சிக்கலின் கனம் தலைநகரைவிட அந்தமானில் அதிகம் உணரப்படும். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், மின்னி பே பகுதியில் கடற்படையின் தன்வந்தரி மருத்துவமனையும், நகருக்குள் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையும் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்கள் வாழும் தீவுகள் 31. தெற்குக் கோடியில் உள்ள கேம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேர் வரச் சுமார் 500 கி.மீ. கடக்க வேண்டும், அங்கிருந்து சென்னைக்கு மேலும் ஆயிரம் கி.மீ.க்கு மேல். நோயாளியை ஹெலிகாப்டரில் அனுப்புவதா, கப்பல் வரும்வரை காத்திருப்பதா என்ற முடிவை எடுக்க வேண்டியவர் தீவில் இருக்கும் மருத்துவரே. வயிற்றில் ரத்தம் தேங்கியிருப்பது முன்னதாகத் தெரிந்தால் அம்முடிவில் ஊசலாட்டம் இராது.

குறுக்கே நிற்பது 1994-ம் ஆண்டின் கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம். அச்சட்டம் காரணமின்றி வந்ததல்ல. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகள், 2001-ல் 927 ஆகவும், 2011-ல் 918 ஆகவும் குறைந்தனர். கருவிலேயே பெண் சிசுக்கள் அழிக்கப்படுவதற்கு ஸ்கேன் கருவி துணைபோனது. ஆகவே ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றானது. எடுத்துச் செல்லத்தக்க கருவிகளுக்கு 2012-ல் மேலும் கட்டுப்பாடு வந்தது: பதிவு பெற்ற வளாகத்தில் உள்நோயாளிகளுக்கோ, நடமாடும் மருத்துவக் குழுவின் ஓர் அங்கமாகவோ மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம்.

ஸ்கேன், படமெடுப்பு நுட்பம் அல்லது கதிரியக்கவியலில் முதுநிலைத் தகுதி இல்லாத மருத்துவர்களுக்கென 2014-ல் ஆறு மாத, 300 மணி நேரப் பயிற்சி வரையறுக்கப்பட்டது. தகுதியை நிர்ணயிப்பது இச்சட்டத்தின் வேலையல்ல எனக் கருதிய தில்லி உயர் நீதிமன்றம், 2016 பிப்ரவரியில் இப்பயிற்சிக் கட்டாயத்தை ரத்து செய்தது. 2018 மார்ச்சில் அத்தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. கட்டாயம் மீண்டும் உயிர் பெற்றது.

இந்த வழக்காடலில் அவசர மருத்துவர் ஏறக்குறைய கண்ணில் படவேயில்லை. அவசர மருத்துவம் தனித் துறையாக இந்திய மருத்துவக் கவுன்சிலால் அங்கீகரிக்கப்பட்டது 2009-ல்தான். சட்டமோ அதற்கு முந்தியது. அவசர மருத்துவ முதுநிலைப் பாடத்திட்டத்தில் படுக்கையோர ஸ்கேன் இடம்பெற்றிருந்தும், சட்டத்தின் வரையறையில் அப்பட்டத்தின் பெயர் இல்லை. ஒரே மருத்துவர் உள்ள தீவிலிருந்து அவரை ஆறு மாதம் பயிற்சிக்கு அனுப்பினால் அவரது இடத்தில் யார் அமர்வது என்பதற்கும் விதிகளில் விடையில்லை.

அமெரிக்காவில் அளவுகோல் வேறு. அங்குள்ள அவசர மருத்துவர்கள் கல்லூரி மணி நேரத்தைவிட ஸ்கேன்களின் எண்ணிக்கைக்கே முதன்மை தருகிறது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் 25 முதல் 50 வரை, மொத்தம் 150 முதல் 300 வரை தரம் சரிபார்க்கப்பட்ட ஸ்கேன்கள் வேண்டும் என்பது அதன் பரிந்துரை. வயிற்றில் ரத்தம் உண்டா, இதயத்தைச் சுற்றி நீர் உண்டா என்ற குறுகிய கேள்விகளுக்கு இம்முறை பொருத்தமாகவே தோன்றுகிறது.

எனினும், அவசர மருத்துவர்களுக்கு முழு விலக்கு கேட்பது சரியாகாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து ரத்தப்போக்குடன் வரும் பெண்ணுக்குச் செய்யும் ஸ்கேன், அவசர சிகிச்சையின் உயிர்நாடி. அதேநேரம் சட்டத்தின் நேரடிக் கண்காணிப்புக்கும் உட்பட்டது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்யும்போது நிரப்ப வேண்டிய எஃப் படிவத்தில் முதல் காரணமாக அச்சிடப்பட்டிருப்பதே கரு கருப்பைக்குள் உள்ளதா, வெளியே உள்ளதா என்று அறிவதுதான். இப்பதிவைத் தொடரச் செய்வதில் எவருக்கும் இடர்ப்பாடு இல்லை.

கருவியின் பதிவையும் படிவத்தையும் சட்டத்திடம் விட்டுவிட்டு, மருத்துவரின் திறனை அளப்பதைத் தேசிய மருத்துவ ஆணையத்திடம் ஒப்படைக்கலாம். அவசர ஸ்கேனுக்கெனத் தனிப் பிரிவை 2014-ம் ஆண்டு விதிகளில் சேர்க்க மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டாலே போதும். நாடாளுமன்றத்தில் புதிய மசோதா தேவைப்படாது.