நன்றியுரைப் பக்கம்



முனைவர் பட்ட ஆய்வேடு எது கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது நன்றியுரையைத்தான். பழைய ஏடுகளில் நெறியாளர், நண்பர்கள், நூலகர் எல்லோரும் முடிந்த பிறகு, 'குடும்பப் பொறுப்பைத் தாங்கிக்கொண்ட என் மனைவி' வருவார். பல ஏடுகளில் அவர் பெயர்கூட இருக்காது.

அண்மையில் ஓர் இளம் வேதியியல் ஆய்வாளரின் ஏட்டைப் பார்த்தேன். ஆய்வகத்தில் தங்க நேர்ந்த இரவுகளில் குழந்தைக்குச் சோறூட்டித் தூங்கவைத்த கணவருக்கு, பெயர் சொல்லி நன்றி எழுதியிருந்தார். அடுத்த பக்கம் போக மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆய்வகத்து இரவுகள் என்றதும் இயற்பியலாளர் அன்னா மாணியின் நினைவு வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1940இல் பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்துக்குப் போனவர். வைரமும் மாணிக்கமும் ஒளிர்வதை ஆராய்ந்தார். ஒரு நிறமாலை ஒளிப்படத் தகட்டில் பதிய 15, 20 மணி நேரம்கூட ஆகும். இரவெல்லாம் ஆய்வகத்திலேயே இருப்பார். தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் ஆய்வேட்டைக் கொடுத்தபோது, எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. அந்த ஏடு பெங்களூர் ராமன் ஆய்வு நிலைய நூலகத்தில், பட்டம் பெற்ற ஏடுகளோடு ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அவரோ வானிலைக் கருவிகளின் பக்கம் திரும்பி, இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

இன்று நிலைமை வேறு. நாட்டில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பெண்கள் 2014-15இல் சுமார் 48 ஆயிரம். 2021-22இல் ஏறக்குறைய 99 ஆயிரம். அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்த, தமிழ்வழியில் படித்த விஞ்ஞானி கலைச்செல்வி 2022இல் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் குழுமத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) தலைமை இயக்குநரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். எனக்கு இதில் அளவற்ற மகிழ்ச்சி.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஆய்வுக் காலத்தில் மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காகப் பெண்களுக்கு 240 நாள் வரை விடுப்பு தரலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழு. வரவேற்க வேண்டிய விதி. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள விரும்பும் ஆண் ஆய்வாளருக்கு அதில் இடமில்லை. தொட்டிலருகே நிற்க வேண்டியவர் தாய் மட்டும்தான் என்று விதியே எழுதிவைத்தால், அந்த வேதியியல் ஆய்வாளரின் கணவர் எந்தக் கணக்கில் வருவார்?

ஆய்வு முடித்தவர்களும் பாதியில் விட்டவர்களும் எழுதுங்கள். உங்கள் இரவுகளில் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் யார்? அவர் பெயரையும் குறிப்பிடுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்