டார்க் சன்: ராஜாவை யார் கொல்லணும்?

உலகம் அழிஞ்ச பிறகு நடக்கும் கதைன்னாலே அணுகுண்டுதான் ஞாபகம் வரும். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்காக 1991-ல் டி.எஸ்.ஆர். வெளியிட்ட 'டார்க் சன்' பெட்டியில் உலகத்தை அழிச்சது மந்திரம். செடிகொடியின் உயிரை உறிஞ்சித்தான் மந்திரவாதி மந்திரம் போடணும். பக்குவமா எடுக்கிறவனும் உண்டு. அவசரக்காரன் மண்ணைச் சாம்பலாக்கிட்டுப் போவான். இப்படியே போட்டுப் போட்டு அத்தாஸ் பாலைவனமாச்சு. இரும்பு அபூர்வம். எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும் ஆயுதம், சுட்ட மண்ணில் காசு. சாமியே கிடையாது (நாத்திக நண்பர்கள் கைதட்டலாம்). ஊருக்கு ஊர் கொடுங்கோல் மந்திர ராஜா.

இப்படி ஒரு உலகம் கிடைச்சா பகடை உருட்டுறவன் என்ன செய்வான்? ராஜாவைக் கவிழ்க்கப் பார்ப்பான். ஆனா டைர் நகரத்து ராஜா காலக்கை அதே வருஷம் வந்த நாவலிலேயே முடிச்சுட்டாங்க. 'ஃப்ரீடம்'னு ஒரு சாகசப் புத்தகம் வேற... அதிலும் ஈட்டி எறியறது நாவல் நாயகன் ரிக்கஸ்தான். நாம கூட்டத்தோட தப்பிச்சு ஓடணும். காசு கொடுத்து வாங்கினவன் வேடிக்கை பார்க்கவா வந்தான்? 1995-ல் வந்த திருத்திய பெட்டி இன்னும் மோசம், நாவல்களில் செத்தவங்க எல்லாரையும் சரித்திரமாக்கிடுச்சு.

2010-ல் வந்த நாலாம் பதிப்புதான் உருப்படி. காலக் செத்த கையோட கடிகாரத்தை நிறுத்திட்டாங்க. ஒரு ஊருக்கு விடுதலை, மத்த ராஜாக்கள் அப்படியே இருக்காங்க, மிச்சம் நம்ம பாடு. புதுசா ஆரம்பிக்கிறவங்க அதை வாங்குங்க. பிராம் ஓவியங்களுக்காக மட்டும் பழைய பெட்டியையும் தேடலாம்.