ஸ்டோர் ஆன்ட்டியின் 555 புத்தகம்

வானொலி அறிவிப்பாளர்களுக்கு ஒரு பயம் உண்டு. நேயர் ஒருவர் பாட்டுக் கேட்கிறார். அந்தப் பாட்டு நிலையத்தின் கணினியில் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும்; போன மாதம்தான் ஒலிபரப்பினோம். ஆனால் தேடினால் கிடைக்காது. பாடகரின் பெயரை ஒருவர் இனிஷியலோடு பதிந்திருப்பார், இன்னொருவர் இனிஷியல் இல்லாமல் பதிந்திருப்பார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடுதலாகப் போட்டிருப்பார். நேயர் இணைப்பில் காத்திருக்க, "அருமையான தேர்வு, ஆனால் அதற்கு முன்பு..." என்று சொல்லி வேறு பாட்டைப் போட்டுச் சமாளிப்போம்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பெரியம்மா மகளிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தை நிர்வகிப்பவர் அவர்.

"உனக்குப் பாட்டுதான்டா போகுது. எங்க லேப்புல ஒரு பொண்ணுக்கு நாலு மாசம் போச்சு."

முதுகலை ஆய்வு செய்யும் மாணவி. அப்பா லோரி ஓட்டுநர். குடும்பத்திலேயே பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை. அவருடைய சோதனைக்கு ஓர் ஆன்டிபாடி தேவை. சுண்டு விரல் அளவுக் குழாயில், சில சொட்டுகள் மட்டும் வரும் விலை உயர்ந்த பொருள். எக்செல் பட்டியலில் '1 குழாய், ஃபிரீசர்' என்று இருந்தது. எடுத்தார், சோதித்தார், முடிவு சரியாக வரவில்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்தார். கடைசியில்தான் தெரிந்தது: அந்தக் குழாயை அவருக்கு முன்பு பலர் வெளியே எடுத்து, உருகவிட்டு, மீண்டும் உறைய வைத்திருக்கிறார்கள். பல ஆன்டிபாடிகள் அப்படி உருகி உறைந்தால் வேலை செய்யும் திறனை இழந்துவிடும். வந்த அன்றே சிறு சிறு பங்காகப் பிரித்து வைத்திருக்க வேண்டும். எப்போது வந்தது, யார் திறந்தார்கள், எத்தனை முறை எடுத்தார்கள் என்று பட்டியலில் எதுவும் இல்லை. அவர் ஒரு பருவம் கூடுதலாகக் கட்டணம் கட்டி ஆய்வை முடித்தார்.

ஆன்ட்டி ஓய்வு பெறுகிறார்

அந்த ஆய்வுக்கூடத்தில் எது எங்கே இருக்கிறது என்று முழுமையாகத் தெரிந்தவர் ஒருவர்தான். எல்லாருக்கும் அவர் 'ஸ்டோர் ஆன்ட்டி'. பல ஆண்டு அனுபவம். சட்டைப் பைக்குள் அடங்கும் 555 புத்தகம் ஒன்று வைத்திருப்பார். நம் தாத்தாமார் மளிகைக்கடையில் கடன் எழுதி வாங்கிய அதே புத்தகம்தான். அதில் வேதிப்பொருள்களின் கணக்கு. மேலே அலமாரி எண், கீழே மிச்ச அளவு, பக்கத்தில் ஆன்ட்டிக்கு மட்டுமே புரியும் குறிகள்.

ஆன்ட்டி ஆண்டு இறுதியில் ஓய்வு பெறுகிறார் என்றதும்தான் மேலிடத்துக்கு உறைத்தது. "ஒரு மென்பொருள் பாருங்கள்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அக்கா என்னை மாமாக் கடைக்கு அழைத்தார். "நீ மீடியா படிச்சவன், கம்ப்யூட்டர் தெரியும்" என்பது அவர் கணிப்பு. எனக்குத் தெரிந்தது ஒலித்தொகுப்பு மட்டும்தான். ஆனாலும் தே தாரே வாங்கித் தருகிறார் என்பதால் உட்கார்ந்து கேட்டேன். அங்கே கற்றது ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமல்ல, சாமான் இருப்பு வைக்கும் எந்த வேலையிடத்துக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

எக்செல் போதாதா?

போதும். நான்கைந்து பேர் வேலை செய்யும் சிறிய இடம், பட்டியலுக்கு ஒரு பொறுப்பாளர், ஒழுங்காகப் பதியும் பழக்கம், இவை இருந்தால் எக்செல் போதும். ஆட்கள் கூடும்போதுதான் சிக்கல். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பிடிப்பது கடினம். மேலும் எக்செல் தானாகவே சில திருத்தங்களைச் செய்யும். 'மார்ச் 1', 'செப்ட் 1' என்ற சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்கள் இருந்தன. தட்டச்சு செய்ததுமே எக்செல் அவற்றை மார்ச், செப்டம்பர் மாதத் தேதிகளாக மாற்றிவிடும். ஆய்வுகளில் இந்தப் பிழை மலிந்து, 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் அனைத்துலகக் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றி அறிவித்தது.

அடுத்தது பெயர்க் குழப்பம். என் பாடகருக்கு மூன்று எழுத்துக்கூட்டல் போல, எத்தனாலை ஒருவர் 'எத்தில் ஆல்கஹால்' என்பார், இன்னொருவர் 'இடிஓஎச்' என்று எழுதுவார். தேடுபவர் இல்லை என்று நினைத்துப் புதிதாக வாங்குவார். இதற்கு வேதியியலாளர்களிடம் நல்ல மருந்து இருக்கிறது. அமெரிக்க வேதியியல் சங்கத்தின் சிஏஎஸ் பிரிவு ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. நம் அடையாள அட்டை எண் மாதிரி. எத்தனாலுக்கு 64-17-5. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். மற்ற இலக்கங்களை வலமிருந்து 1, 2, 3, 4 என்று பெருக்கிக் கூட்டுங்கள்: 7 + 2 + 12 + 24 = 45. அதன் கடைசி இலக்கம் 5. எண்ணைத் தவறாகத் தட்டினால் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும். எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த எண்ணை வைத்துத் தேட முடிய வேண்டும் என்பது அக்காவின் முதல் விதி.

லோரியா, மோட்டார் சைக்கிளா?

விற்பனையாளர்கள் மூன்று வகை மென்பொருளை ஒரே மூச்சில் பேசுவார்கள். முதல் வகை, சோதனைக்கு வரும் மாதிரிகளைப் பின்தொடர்வது. இரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு அது அவசியம். இரண்டாவது, ஆய்வுக் குறிப்பேட்டுக்குப் பதிலாக வரும் மின்குறிப்பேடு. மூன்றாவது, கையிருப்பையும் கொள்முதலையும் மட்டும் கவனிப்பது. ஒன்றுக்குள் ஒன்று கலந்தும் வரும். குவார்ட்சி என்பது கையிருப்பையும் கொள்முதலையும் சுற்றி அமைந்தது. அந்த நிறுவனமே ஆய்வுக்கூடப் பொருள்களும் விற்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெஞ்ச்லிங் உயிரியல் ஆய்வாளர்களிடையே பெயர் பெற்ற மின்குறிப்பேடு. இலேப்எஃப்டிடபிள்யூ திறமூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். இலவசம் என்றாலும் அந்த ஆளின் நேரத்துக்கும் விலை உண்டு.

அக்காவுக்குத் தேவை மூன்றாவது வகைதான். முதல் வகையை வாங்கியிருந்தால் மளிகை வாங்க லோரி எடுத்துப் போன கதையாகியிருக்கும்.

ஆன்ட்டி கேட்ட கேள்விகள்

மூன்று நிறுவனங்கள் செய்து காட்ட வந்தன. கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் பேராசிரியர்கள், கணக்குப் பிரிவு, தகவல் தொழில்நுட்பப் பிரிவு. ஸ்டோர் ஆன்ட்டியின் பெயர் பட்டியலில் இல்லை. அக்காதான் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தார்.

முதல் நிறுவனத்தின் திரை பளபளவென்று இருந்தது. வண்ண வண்ண வரைபடங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆன்ட்டி மெல்லக் கேட்டார்: "பாதி பாட்டில் இருந்தா எப்படிம்மா எழுதறது?" விற்பனையாளர் விழித்தார். அவர்களின் மென்பொருள் பாட்டில்களை எண்ணும். பாட்டிலுக்குள் எவ்வளவு மிச்சம் என்று கேட்காது.

இரண்டாவது நிறுவனத்தில் மிச்ச அளவு எழுதலாம். ஆனால் ஒரு பாட்டிலைப் பதியத் திரை முழுக்கக் கட்டங்கள். ஆன்ட்டி சொன்னார்: "பசங்க கையில கிளவுஸ் இருக்கும். ஏழு மணிக்கு வீட்டுக்குப் போற அவசரத்துல இவ்வளவும் தட்டுவாங்களா? நாளைக்குப் பார்த்துக்கலாம்னு போயிடுவாங்க."

மூன்றாவதில் கைப்பேசியால் பார்கோடை வருடி, இரண்டு முறை தட்டினால் போதும். "கீழ ஸ்டோர்ல லைன் இருக்காதே?" என்றார் ஆன்ட்டி. வந்திருந்த இளைஞர் நேர்மையாக ஒப்புக்கொண்டார்: இணையம் இல்லாவிட்டால் பதியாது. அந்த நேர்மை அக்காவுக்குப் பிடித்திருந்தது. பாட்டில் மேலே வரும் வழியில், இணையம் கிடைக்கும் வாசலில் பதிவு மேசையை வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவானது.

பாட்டிலில் எழுதாத தேதி

வாங்கும் முன்பே அக்கா ஒரு வேலை செய்தார். மொத்த ஸ்டோரையும் காலி செய்து எண்ணினார். மென்பொருள் வந்த பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்றால், பழைய குப்பை அப்படியே புதிய திரையில் ஏறும்.

ஒரே பொருள் நான்கு இடத்தில் கிடைத்தது, அதில் இரண்டு காலாவதி. ஃபிரீசரில் பெயர் அழிந்த குழாய்கள் கிடைத்தன. சாதாரண ஸ்டிக்கர் மைனஸ் 80 டிகிரியில் உதிர்ந்துவிடும். சாதாரண மை, ஆல்கஹால் பட்டால் கரையும். அந்தக் குளிருக்கென்றே தயாரான லேபிள் வேண்டும். பார்கோடு மென்பொருளுக்குப் பணம் கட்டிவிட்டு லேபிளில் மிச்சம் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

தீப்பற்றும் பொருள்களின் அலமாரியில், திறந்த தேதி எழுதாத ஓர் ஈதர் பாட்டில் இருந்தது. அக்காவின் முகம் அதைச் சொல்லும்போதே மாறியது. டைஎத்தில் ஈதர் காற்றும் வெளிச்சமும் பட்டு நாளாகும்போது, பெராக்சைடு என்ற வெடிக்கும் தன்மையுள்ள பொருள் அதில் உருவாகலாம். பழைய பாட்டிலின் மூடியைத் திருகுவதே ஆபத்தாக முடியலாம். யாரும் தொடாமல், பாதுகாப்புப் பிரிவை அழைத்து அப்புறப்படுத்தினார்கள். ஆகவே, நிறுவனம் அச்சிட்ட காலாவதித் தேதி மட்டும் போதாது. வந்த தேதி, திறந்த தேதி இரண்டுக்கும் மென்பொருளில் இடம் வேண்டும், நாள் நெருங்கும்போது அதுவே எச்சரிக்கவும் வேண்டும்.

இது வெறும் ஒழுங்கு சம்பந்தப்பட்டதும் அல்ல. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2000-இல் வந்த விதிமுறைகள், உடல்நலத்துக்குக் கேடான வேதிப்பொருள்களுக்கு முதலாளி பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. தீ விபத்து என்றால் தீயணைப்பு வீரர் உள்ளே போகும்முன் கேட்கப்போவதும் அதைத்தான்: உள்ளே என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது?

போகும் வழி இருக்கிறதா?

கடைசியாக அக்கா எல்லா நிறுவனங்களிடமும் ஒரே கேள்வியை எழுத்துமூலம் கேட்டார்: "நாளைக்கு நாங்கள் விலகினால், எங்கள் பட்டியலை முழுவதுமாக எக்செல்லில் எடுத்துக்கொள்ளலாமா?" பொருளின் பெயர் மட்டுமல்ல, தொகுதி எண், தேதிகள், யார் எடுத்தார்கள் என்ற வரலாறும் சேர்த்து. தொகுதி எண் ஏன் என்றால், ஒரே நிறுவனத்தின் ஒரே பொருள்கூட ஒரு தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் மாறுபடலாம். சோதனை தவறும்போது முதலில் பார்க்க வேண்டியது அது. ஒரு நிறுவனம் பதிலே அனுப்பவில்லை. அதுவும் ஒரு பதில்தான்.

கட்டணத்தையும் கவனித்தார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று டாலரில் சொல்வார்கள். மாணவர்கள் ஆண்டுதோறும் வந்து போகும் இடத்தில் ஆள் கணக்கு ஏறிக்கொண்டே போகும். ரிங்கிட்டில், மூன்று ஆண்டுக்கு, மாணவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது முதல் நிறுவனத்தின் பளபளப்பு இன்னும் கொஞ்சம் மங்கியது.

மூன்றாவது நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் ஒரேயடியாக இல்லை. ஒரே ஒரு குளிர்பதனப் பெட்டியை மட்டும் ஒரு மாதம் அதில் நடத்திப் பார்த்தார்கள். முதல் வாரம் பாதிப் பேர் பதியவில்லை. ஆன்ட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது வாரத்திலிருந்து எல்லாரும் பதிந்தார்கள்.

ஆன்ட்டியின் கடைசி வாரத்தில் அக்காவும் அவரும் 555 புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தார்கள். எந்தக் கட்டத்திலும் அடங்காத குறிப்புகள் அதில் இருந்தன. 'இது தாமதமாக வரும், நோன்புப் பெருநாளுக்கு முன்பே சொல்லிவிடு.' 'இந்த மூடி இறுகும், சூடு காட்டாதே.' 'இதை அடுத்த கட்டடத்தில் கடன் கேட்கலாம், நல்லவர்கள்.' எல்லாவற்றையும் 'குறிப்பு' என்ற கட்டத்தில் ஏற்றினார்கள். அந்தக் கட்டம் இருந்ததே மென்பொருளின் பெரிய நன்மை என்கிறார் அக்கா.

உங்கள் வேலையிடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பட்டறையில், மருந்தகத்தில், கோயில் சமையல் கட்டில். மென்பொருள் வாங்கும் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவர் ஓய்வு பெறும் மாதத்தில் அல்ல, அதற்கு வெகு முன்பே.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? போன திங்கட்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து, இருபது பாடல்களில் பாடகர் பெயரை ஒரே மாதிரியாகத் திருத்தினேன். இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நீங்கள் பாட்டுக் கேட்டு, நான் "அதற்கு முன்பு..." என்று இழுத்தால், காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.