சல்லிசு லென்ஸ், லேத் பட்டறை, கொஞ்சம் புலம்பல்

மக்களே, இது கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை. ஆனா உங்க வீட்டுப் பெரியவங்க கண்ணு சம்பந்தப்பட்டது, படிச்சுட்டே போங்க.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைன்னா உடனே எல்லாரும் சொல்ற வார்த்தை "சேவை". டாக்டர் வெங்கடசாமி 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. அந்தச் சேவையை நான் குறைச்சுப் பேசல. ஆனா 1992-ல அவங்க தொடங்கின அரோலேப் பத்தி எழுதறவங்க "மலிவு விலை லென்ஸ்"னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. வெளிநாட்டு லென்ஸ் 100 டாலர் ரேஞ்சுல இருந்தப்ப 10 டாலர் கிட்ட கொண்டு வந்தாங்க, வாஸ்தவம்தான். என் கட்சி என்னன்னா, அது தர்மக் கணக்கு மட்டுமில்ல, லேத் பட்டறைக் கணக்கும்கூட.

கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கறதுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி, 1949-ல. போர் விமானத்தோட பெர்ஸ்பெக்ஸ் சில்லு பைலட்டுங்க கண்ணுல ஏறியும் கண்ணு அதைப் பெருசா எதிர்க்கலைன்னு கவனிச்சவர். அந்த பிளாஸ்டிக்தான் பி.எம்.எம்.ஏ.

இதைக் கடையறது இரும்பு கடையற மாதிரி இல்லீங்க. சூட்டைச் சரியாக் கடத்தாது, சுமார் 105 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சுடும். அப்புறம் டூல் வெட்டாது, இழுவும். அதனாலதான் வைர முனை டூல், மெல்லிசான வெட்டு. பிறகு கண்ணாடி மணிகளோட போட்டு நாள்கணக்கா உருட்டி பாலிஷ். சொரசொரப்பு மிச்சமிருந்தா வெளிச்சம் சிதறும், கிருமி ஒட்டும். சரின்னு ஓவரா உருட்டினா பின்பக்க விளிம்போட கூர் மழுங்கிடும். லென்ஸுக்குப் பின்னாடி செல்கள் ஊர்ந்துபோய் மறுபடி பார்வையை மங்கடிக்காம தடுக்கறதே அந்தக் கூர்தான். ஆக வழவழப்பும் வேணும், கூரும் வேணும். எல்லாம் 6 மி.மீ. வட்டத்துக்குள்ள!

எங்க காவேரிப்பாக்கத்துல இருந்து ராணிப்பேட்டை தோல் ஷாப்புக்குப் போறவங்களுக்கு இது சட்டுனு புரியும். மேல்பக்கம் ஒரு கீறல் இருந்தா தோலோட செலக்‌ஷன் இறங்கிடும், விலையும் இறங்கிடும். தோலுக்குப் போறது விலை. லென்ஸுக்குப் போறது ஒருத்தரோட பார்வை. எங்க கொள்ளுப்பாட்டி காலத்துல புரை எடுத்தா லென்ஸ் கிடையாது, சோடாபுட்டி கண்ணாடிதான். அது உடைஞ்சா திண்ணையை விட்டு இறங்க முடியாது. இன்னிக்கு எங்க ஆயா லென்ஸ் வெச்சுகிட்டு அரிசியில கல்லு பொறுக்குது.

பொட்டி தட்டற நாம பக் வந்தா அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்னு போயிடறோம். கண்ணுக்குள்ள வெச்ச லென்ஸுக்கு அடுத்த ரிலீஸ் கிடையாது. அப்படிப்பட்ட வேலையைத்தான் "பழைய காலத்து மேனுஃபேக்சரிங்"னு இளக்காரமாப் பாக்கறோம். இன்ஜினியரிங் காலேஜ்ல லேத்துன்னா ஒரு இரும்புக் கம்பியைக் கடைஞ்சு காட்டறதோட சரி. ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கடைஞ்சு, மேற்பரப்பை அளந்து, ஏன் கெட்டுப்போச்சுன்னு யோசிக்க வைக்கற ஒரு எக்ஸ்பெரிமென்ட் வெச்சா குடியா முழுகிடும்? ராணிப்பேட்டை சிப்காட்டைச் சுத்தி இருக்கற பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பசங்களுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்.

மலிவா குடுக்க மனசு வேணும். ஆனா மலிவா, நல்லதா குடுக்கக் கை பழகியிருக்கணும். மனசைப் பாராட்டற அளவுக்கு அந்தக் கையையும் பாராட்டுங்கப்பா.