குடிக்கூலி கொடுப்பவன் கொத்தனாரா?

“தம்பி, வீடு கொஞ்சம் பழசுதான். ஓடு மாற்றணும்; பின்கட்டுச் சுவர் பூசணும். நீங்களே பார்த்துச் செய்துக்கிடுங்க. வாடகையிலே ஆயிரம் குறைச்சுக்குவோம்.”

வீடு தேடி அலைந்தவர்களில் இந்த வசனத்தைக் கேளாதவர் அபூர்வம். குடுமியான்மலையைப் போலக் கோயிலும் மலையும் பழைய ஓட்டு வீடுகளுமாக இருக்கும் ஊர்களில் இது மிகுந்த பிரியத்தோடு சொல்லப்படும். 2014-ல் அங்கே வேளாண்மைக் கல்லூரி வந்தது. கல்லூரி வந்தால் வெளியூர்க்காரர் வருவார். வெளியூர்க்காரர் வந்தால் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் வாடகை வரும். வருகிறவருக்குத் தாழ்வாரத்தின் குளிர்ச்சி தெரிகிறதே தவிர, கைமரத்தை அரித்த கறையான் தெரிவதில்லை. குரங்குகள் புரட்டிப் போட்ட ஓடுகளின் கதையும் ஐப்பசி மழையில்தான் அவருக்குத் தெரியவரும்.

இந்த ஏற்பாட்டை நான் நியாயமற்றது என்கிறேன். வாடகையைக் குறைப்பது நியாயமற்றதல்ல. அதைச் செய்கிற விதம் நியாயமற்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை நாலாயிரம், ஆயிரம் குறைத்து மூவாயிரம். மராமத்துக்கு நாற்பதாயிரம் ஆகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பணம் திரும்ப நாற்பது மாதம் வேண்டும். ஒப்பந்தமோ பதினோரு மாதத்துக்கு! ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து எல்லாரும் பதினொன்றிலே நின்றுவிடுகிறோம். பன்னிரண்டாம் மாதம் வீட்டுக்காரர் வந்து, “பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், வீடு வேணும்” என்கிறார். குடியிருந்தவருக்குத் திரும்பியது பதினோராயிரம். மிச்சம் இருபத்தொன்பதாயிரம் கூரைமேல் இருக்கிறது. கூரையைக் கழற்றிக்கொண்டு போக முடியுமா?

அடுத்து வருகிறவரிடம் அதே வீட்டுக்கு ஐயாயிரம் கேட்கப்படும். ஏன்? “புது ஓடு போட்டிருக்கு!”

சட்டம் காப்பாற்றும் என்பார்கள். அதே 1882 சட்டத்தின் 108-ஆம் பிரிவில், வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட மராமத்தை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது. வட்டியோடு! ஆனால் ‘கடமைப்பட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வேறுவிதமான ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ இல்லாதபோதுதான் இந்தப் பிரிவே பேசும். “நீங்களே பார்த்துக்கிடுங்க” என்ற வார்த்தைக்கு நீங்கள் தலையாட்டிய நிமிஷத்தில், அந்தக் கடமை அவர் தோளிலிருந்து இறங்கி உங்கள் தோளில் ஏறிக்கொள்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு நீங்கள் விற்றது ஓட்டு வேலையை மட்டுமல்ல.

2017-ல் தமிழ்நாடு இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுதும் வெள்ளையடிப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷர் குடியிருப்பவர் பொறுப்பு என்று அட்டவணையே போட்டிருக்கிறது. நல்ல அட்டவணைதான். வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் அதை யார் விரித்துப் படிக்கிறார்கள்?

நம் பக்கத்தில் ‘குடிமராமத்து’ என்றொரு பழைய வழக்கம் உண்டு. ஏரிக்கரையையும் வாய்க்காலையும் குடிகளே கூடிச் செப்பனிடுவது. சென்னை மாகாணத்தில் 1858-ல் இந்த உழைப்பைச் சட்டம் போட்டே கட்டாயப்படுத்தினார்கள். அது வேறு கதை. ஆனால் தூர்வாரிய குடியானவன் அந்த ஏரித் தண்ணீரில்தானே பயிர் செய்தான்? அடுத்த வருஷமும் ஏரி அவனுக்கு இருந்தது. ஓடு மாற்றிய குடித்தனக்காரனுக்கு அடுத்த வருஷம் என்ன இருக்கிறது?

வீட்டுக்காரர் எல்லாரும் கொடியவர் என்று சொல்ல வரவில்லை. புருஷனை இழந்து, கையில் ரொக்கமில்லாமல், அந்த ஒரு வீட்டை நம்பியிருக்கும் அம்மாளுக்கு நாற்பதாயிரம் எங்கிருந்து வரும்? குடியிருப்பவர் பணம் போட்டுக் கழித்துக்கொள்வது இருவருக்கும் சௌகரியமே. அதனால்தான் கழிவை வாடகைக்குள் ஒளித்து வைக்காதீர்கள் என்கிறேன். வாடகை நாலாயிரம் என்றே எழுதுங்கள். மராமத்துச் செலவை வீட்டுக்காரர் பெற்ற முன்பணமாக எழுதி, மாதம் ஆயிரம் அதில் கழியும் என்று சொல்லுங்கள். கொத்தனாரின் மதிப்பீட்டையும் ஓட்டுக்கும் மரத்துக்கும் கொடுத்த ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். நாற்பது மாதக் கணக்கென்றால் நாற்பது மாதத்துக்கே பதிவு செய்யுங்கள்.

“எழுதணுமா? எம்மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பார்கள். குடுமியான்மலைக் கோயில் வளாகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. தெய்வத்துக்குக் கொடுத்ததையே கல்லில் வெட்டி வைத்தார்கள். குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், மாணாக்கர் நன்மைக்கென்று, காற்றோடு போகிற சுரங்களைக்கூடக் கிரந்த எழுத்தில் பொறித்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் நம்பாதவர்களா?

இன்னும் ஒரு வரி பாக்கி. ‘கணக்குத் தீருமுன் காலி செய்யச் சொன்னால், கழியாமல் நிற்கும் தொகையைச் சாவி வாங்கும் அன்றே கொடுத்துவிட வேண்டும்.’ இதைப் படித்துக் காட்டும்போது வீட்டுக்காரர் முகத்தைப் பாருங்கள். முகம் சுருங்கினால், கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பாமல் அடுத்த தெருவில் வீடு பாருங்கள்.