தலைவர் நாற்காலியோடு அதிகாரமும் வேண்டும்: ஊராட்சிகளில் பெண்களுக்கான 50 விழுக்காடு இட ஒதுக்கீடு குறித்து எங்கள் நிலைப்பாடு

உலக மகளிர் நாள், 2025 மார்ச் 8

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2016-இல் நிறைவேறியது. பெண்ணுரிமைக்காக இந்த மாநிலம் எடுத்த முடிவுகளில் அதை முதல் வரிசையில் வைக்கிறோம். ஆனால் அந்தச் சட்டத்தின் பயனாகக் கிராம ஊராட்சித் தலைவரான பெண்களில் பெரும்பாலோர் இன்று பதவியில் இல்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் 9,624 ஊராட்சித் தலைவர் பதவிகளுக்குத் தேர்தல் நடந்தது. அப்போது வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்கிறார்கள்.

பல ஆண்டுகளாக ஊராட்சிப் பெண் தலைவர்களோடும் உறுப்பினர்களோடும் பணியாற்றி வரும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்: இட ஒதுக்கீடு பெண்ணுக்கு நாற்காலியைத் தந்திருக்கிறது. அந்த நாற்காலிக்குரிய நிதி அதிகாரத்தையும் பாதுகாப்பையும் முழுப் பதவிக்காலத்தையும் உறுதிசெய்ய வேண்டியது அரசின் கடமை. "பெண்களுக்கு நிர்வாகம் தெரியவில்லை" என்று அவர்கள் மேல் பழி போடுவதை நாங்கள் ஏற்கவில்லை.

நடந்த நல்லவை

1989-இல் இந்து மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம பங்கு தந்தது தமிழ்நாடு. நாடு முழுவதும் அந்த உரிமை வர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாநிலம் முழுக்கப் பரவின. 2021-இல் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயைப் பெண்களின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேர்க்கிறது. இவற்றை நாங்கள் வரவேற்கிறோம். கையில் பணமும் வெளியே போய்வர வழியும் இல்லாத பெண்ணால் பொதுவாழ்வுக்கு வர முடியாது.

ஆனால் உதவி பெறுவது வேறு, முடிவெடுப்பது வேறு. முடிவெடுக்கும் இடங்களில் பெண்களின் நிலை இன்னும் மோசம். 2021-இல் தமிழ்நாடு சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 2023-ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும். இன்றைய தேதியில் பெண்ணுக்குச் சரிபாதி இடம் சட்டப்படி உறுதியாக இருப்பது உள்ளாட்சியில் மட்டுமே. அங்கேயும் அது காகிதத்தில் நின்றுவிடக் கூடாது என்பதால்தான் இந்த அறிக்கை.

காசோலையில் இரண்டாவது கையெழுத்து

ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவர் ஒருவரின் கையெழுத்து போதாது. துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தனியொருவர் பணத்தைக் கையாடாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. பெண் தலைவர்களுக்கு, அதிலும் பட்டியலினப் பெண் தலைவர்களுக்கு, அதுவே முட்டுக்கட்டையாக மாறுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோகிறது. குடத்தோடு பெண்கள் தலைவர் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். தலைவர் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்து, மெக்கானிக்கிடம் "பில் போட்டுக் கொடுங்க, ஒரு வாரத்துல பணம் வந்துடும்" என்கிறார். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். காரணம் எழுதித் தர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. வாரங்கள் போகின்றன. அடுத்த முறை மோட்டார் பழுதானால் மெக்கானிக் வர மறுக்கிறார். தலைவர் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத் தண்ணீர் விடுகிறார். ஊர் சொல்வது: "பொம்பளை தலைவரானா இப்படித்தான், ஒரு வேலையும் நடக்காது."

இணையவழிப் பணப்பரிமாற்றம் வந்த பிறகும் இந்த நிலை தீரவில்லை. தலைவரின் டிஜிட்டல் கையொப்பச் சாவி வேறு யாருடைய மேசை டிராயரிலாவது கிடக்கிறது. அதைத் தன் கையில் கேட்டு வாங்குவதற்கே ஒரு பெண் தலைவர் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

"அண்ணனைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க"

கணவரோ மாமனாரோ மகனோ தலைவர் வேலையைப் பார்ப்பதும் நடக்கிறது. அதை நாங்கள் மறைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போன பிரச்சினை இது. அதன் பிறகு 2023-இல் ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் அமைத்த குழு, 2025 பிப்ரவரியில் வந்த தன் அறிக்கையில், பதிலியாகச் செயல்படுவோருக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது.

தண்டனை தேவை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அது யார் மேல் விழ வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். கணவர் தலையிட்டார் என்று சொல்லி அந்தப் பெண்ணையே பதவி நீக்கினால், அடக்கப்பட்டவரே தண்டிக்கப்படுவார். தலையிட்டவர் அடுத்த வேட்பாளரைத் தேடிப் போவார். இந்தப் பழக்கத்தை வளர்ப்பதில் அரசு அலுவலகங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனுவோடு போகும் தலைவரிடம் "தலைவரம்மா, நீங்க ஏன் அலையறீங்க, அண்ணனைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று அன்பாகச் சொல்கிற அலுவலர், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் அதிகாரத்தை வேறொருவரிடம் எடுத்துக் கொடுக்கிறார். ஆய்வுக் கூட்டத்தில் கணவரை உட்கார வைத்துப் பேசும் அலுவலர் மேல் முதலில் நடவடிக்கை எடுங்கள். வழக்கம் தானாக மாறும்.

சாதியும் அச்சுறுத்தலும்

2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலின ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். படம் வெளியான பிறகே நாடு அதைப் பார்த்தது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினப் பெண் தலைவர் சுதந்திர நாளில் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி பரவிய பிறகு மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். 1997-இல் மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகக் குரல் கொடுத்த மாமன்ற உறுப்பினர் லீலாவதி பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை இந்த மாநிலம் மறந்திருக்காது.

பட்டியலின, பழங்குடி ஊராட்சிப் பிரதிநிதிகளைக் கடமை செய்யவிடாமல் தடுப்பதும் மிரட்டுவதும் 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் தெளிவாக இருக்கிறது. புகைப்படம் பரவும் வரை வழக்குப் பதியாத நிர்வாகம்தான் மாற வேண்டும்.

தேர்தலைத் தள்ளிப்போடுவது பெண்களுக்கு இழைக்கும் அநீதி

பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலியான ஊராட்சிகள் குறைந்தது 2019 இறுதி வரை தனி அலுவலர்களிடம் இருந்தன. இப்போது மீண்டும் அதே நிலை. ஆளும் கட்சி மாறியது, வழக்கம் மாறவில்லை.

இதில் பெண்களுக்கு இழப்பு அதிகம். முதல் ஓரிரு ஆண்டுகளில் பதிவேடுகளைப் படிக்கவும் மதிப்பீட்டைப் புரிந்துகொள்ளவும் அலுவலர்களிடம் நிமிர்ந்து பேசவும் கற்றுக்கொண்டவர்கள், அந்த அனுபவத்தோடு மீண்டும் நிற்க வேண்டிய நேரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அரசியலில் தொடர்பும் பணமும் உள்ள ஆண்கள் இடைவெளியைச் சமாளித்துக்கொள்வார்கள். நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் திரும்பிப் போன பெண் மறுபடி வேட்புமனு தாக்கல் செய்வது எளிதல்ல.

எங்கள் கோரிக்கைகள்

1. பதவிக்காலம் முடிந்த எல்லா ஊராட்சிகளுக்கும் தேர்தல் தேதியை மாநிலத் தேர்தல் ஆணையம் உடனே அறிவிக்க வேண்டும். தனி அலுவலர் ஆட்சியை நீட்டிக்கக் கூடாது.

2. இரண்டு தேர்தல்களுக்கு ஒருமுறை இட ஒதுக்கீட்டைச் சுழற்றும் தமிழ்நாட்டு முறை தொடர வேண்டும். ஒரு பருவம் பணியாற்றிய பெண், அதே ஊரில் மீண்டும் நிற்க அதுதான் வாய்ப்புத் தருகிறது.

3. துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்தால் 7 நாளில் எழுத்துப்பூர்வமாகக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குடிநீர், தெருவிளக்கு, துப்புரவுச் செலவுகளை வட்டார வளர்ச்சி அலுவலரின் ஒப்புதலோடு விடுவிக்க வழி செய்ய வேண்டும்.

4. டிஜிட்டல் கையொப்பச் சாவி தலைவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். பதவியேற்ற முதல் மாதத்திலேயே அதைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும்.

5. அரசுக் கூட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பதிலாக உறவினரை அனுமதிக்கும் அலுவலர் மேல் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும்.

6. தலைவர்களுக்கான மாத மதிப்பூதியத்தை ஒரு குடும்பம் நடத்தும் அளவுக்கு உயர்த்த வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு ஊர் வேலை பார்ப்பவருக்கு இப்போது கிடைக்கும் தொகை பேருந்துக்கும் செல்பேசிக்குமே கரைந்துவிடுகிறது.

7. பட்டியலின, பழங்குடிப் பெண் தலைவர்களின் புகார்களை விசாரிக்க மாவட்டந்தோறும் ஆட்சியரின் நேரடிப் பொறுப்பில் ஓர் அலுவலர் வேண்டும்.

பொதுமக்களுக்கு

எங்கள் வேண்டுகோள் அரசோடு நிற்கவில்லை. தேர்தல் வரும்போது "அவர் மனைவி நிற்கிறார்" என்று சுவரொட்டியில் கணவர் படத்தைப் பெரிதாகப் போடும் கட்சிகளிடம் கேள்வி கேளுங்கள். வேட்பாளராக நிற்கும் பெண்ணையே வீடு வீடாக வந்து பேசச் சொல்லுங்கள். கிராம சபையில் தலைவர் பேசும்போது அவரைப் பார்த்துக் கேளுங்கள், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து அல்ல. ஊர் வேலை நடக்கவில்லை என்றால், எந்தக் கையெழுத்து எங்கே நிற்கிறது என்று விசாரியுங்கள். நீங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் உங்கள் தலைவர். அவருடைய அதிகாரத்தைக் காப்பது உங்கள் வாக்கைக் காப்பதாகும்.

இப்படிக்கு,
செயற்குழு