பன்னுக்குக் காசு இல்லை



சென்ற மாதம் கோவையிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. அவரும் விடுதி அறைத்தோழிகள் இருவரும் ஆளுக்கு வாரம் 100 ரூபாய் வீதம் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவந்தார்களாம். எட்டு வாரத்தில் 2,400 ரூபாய் சேர்ந்துவிட்டது. ஊரிலேயே பெரிய ஓட்டலில் ஒரே ஒருவேளை சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். ஒரு சனிக்கிழமை, இருப்பதில் நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கியிருக்கிறார்கள். கார்கள் ஏறி வரும் சரிவுப் பாதையில் மூன்று பெண்கள் நடந்து வருவதைப் பார்த்த செக்யூரிட்டி, "யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டிருக்கிறார். அதட்டலெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான். "யாரையும் இல்லைங்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, தெருமுனைத் தள்ளுவண்டியில் காளான் சாப்பிட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். "எங்களைப் போன்றவர்கள் அங்கே போகலாமா சார்? போனால் 2,400 ரூபாய் போதுமா?" என்று கேட்டிருந்தார்.

முதல் கேள்விக்கு ஒரு சொல் போதும்: போகலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1993. சென்னையில் படித்துக்கொண்டிருந்தோம். கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த காலம். 1962இல் திறந்து 2008இல் மூடினார்கள். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. காரில் வந்தவர்களுக்குக் கார் ஜன்னலிலேயே தட்டு மாட்டிப் பரிமாறுவார்கள். கார் இல்லாத எங்களைப் போன்றவர்கள் உள்ளே உட்கார்ந்து ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தையே ஓட்டலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். அங்கே உட்கார்ந்துதான் நாலு பேர் முடிவு செய்தோம். ஆளுக்கு 100 ரூபாய், மொத்தம் 400. போகவேண்டியது ஒரு நட்சத்திர ஓட்டல். பெயர் வேண்டாம்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். மெனு கார்டு தோல் அட்டை போட்டு, எங்கள் வீட்டுப் பத்திரத்தைவிடக் கனமாக இருந்தது. நாலு பேருமே அதை வலமிருந்து இடமாகப் படித்தோம். முதலில் விலை, பிறகுதான் பண்டம். விரல் விட்டுக் கூட்டி, இரண்டு ஃபிரைடு ரைஸ், ஒரு சிக்கன், ஒரு காலிஃபிளவர் என்று 330 ரூபாய்க்குள் நிறுத்தினோம். 70 ரூபாய் கையில் நிற்கும் என்று கணக்கு. "மினரல் வாட்டர், சார்?" என்று கேட்டார்கள். தலையாட்டினோம். தண்ணீர்தானே!

அப்புறம் ஒரு கூடை வந்தது. வெள்ளைத் துணி மூடி, உள்ளே ஆறு குட்டி பன், பக்கத்தில் பூப்போல் சுருட்டிய வெண்ணெய். நாங்கள் கேட்கவில்லை. கேட்காத பண்டம் மேசைக்கு வந்தால் அதற்கும் பில்லில் ஓர் எண் இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. சூடான பன் வாசனை வேறு. நாலு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் இருக்கும். பரிமாற வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். கூடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்து, "தம்பி, பன்னுக்குக் காசு இல்ல. சாப்பிடுங்க, ஆறிட்டா வெண்ணெய் உருகாது" என்றார். அவர் நிமிர்வதற்குள் கூடை காலி.

பில் வந்தபோதுதான் தெரிந்தது, தண்ணீருக்குக் காசு உண்டு என்று. இரண்டு பாட்டில், தலா 40 ரூபாய். அதற்கும் கீழே எக்ஸ்பெண்டிச்சர் டாக்ஸ் என்று ஒரு வரி. பெரிய ஓட்டல்களில் செய்யும் செலவுக்கென்றே 1987இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த வரி அது. படித்த பொருளாதாரப் பாடத்தில் அது எங்களுக்கு வரவில்லை, பில்லில்தான் வந்தது. மொத்தம் 490ஐத் தாண்டிவிட்டது. தென்காசிக்கார நண்பன் ஒன்றும் பேசாமல் எழுந்து கழிவறைக்குப் போய், உள்பனியனில் ஊக்கு குத்தி வைத்திருந்த ஊர்ப்பயணக் காசை எடுத்துவந்தான். அன்று சாப்பிட்ட சிக்கனின் ருசி எனக்கு நினைவில்லை. இலவசமான பன்னைத் தொடப் பயந்ததும், காசான தண்ணீரைக் கவலையில்லாமல் குடித்ததும் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த மாணவிக்கு நான் எழுதிய பதிலில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான். வரியின் பெயர் மாறியிருக்கிறதே தவிர வேடிக்கை குறையவில்லை. தெருவில் தனியாக இருக்கும் உணவகம், எவ்வளவு ஆடம்பரமாக இருந்தாலும், 5 சதவீத ஜிஎஸ்டிதான். அதே சூப்பை, நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் விடுதிக்குள் குடித்தால் 18 சதவீதம். நாம் அறையெடுக்கவில்லை, படுக்கவில்லை, லிஃப்டில்கூட ஏறவில்லை. ஆனாலும் மேலே யாரோ தூங்கும் அறையின் வாடகைதான் கீழே நம் சூப்பின் வரியைத் தீர்மானிக்கிறது. எனவே 2,400 ரூபாயோடு போகிறவர் 2,000க்குள் ஆர்டரை நிறுத்திவிட வேண்டும். மீதி அரசாங்கத்துக்கு.

சர்வீஸ் சார்ஜ் என்று இன்னொரு வரி பில்லில் இருக்கலாம். அது அரசு வரி அல்ல. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. "இதை எடுத்துடுங்க" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாகப் பரிமாறியவர் கையில் 50 ரூபாய் கொடுத்துவிட்டு வரலாம். எனக்கென்னவோ அதுதான் பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இல்லை. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டல்கள் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அங்கே வெறும் பாட்டிலை மட்டும் விற்கவில்லை, உட்கார வைத்து உபசரிக்கவும் செய்கிறார்கள் என்பது காரணம். "ரெகுலர் வாட்டர் போதும்" என்ற மூன்று சொல்லை உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள். 1993இல் இதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

போவது மதியமாக இருக்கட்டும். இடத்துக்குரிய வாடகை, ஏசி, சம்பளம் எல்லாம் மதியமும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் கூட்டம் ராத்திரிதான். காலி மேசையை நிரப்பத்தான் செட் லன்ச், பிசினஸ் லன்ச் என்று போடுகிறார்கள். அதே அடுப்பு, அதே கை, விலை மட்டும் குறைவு. ஈஸிடைனர், ஸ்விக்கி டைன்அவுட் போன்ற செயலிகளில் பில்லில் தள்ளுபடி கிடைப்பதும் வார நாள்களில்தான் அதிகம். பஃபே பக்கம் மட்டும் போகாதீர்கள். இது என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வரவேண்டாம். கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும் என்ற வெறி வந்துவிட்டால் நாக்கு வேலை செய்வதை நிறுத்திவிடும். நாற்பது பண்டம் சாப்பிட்டு ஒன்றுகூட நினைவில் நிற்காமல் வெளியே வந்தவன் சொல்கிறேன்.

வலமிருந்து இடமாகப் படிப்பதை ஒரு தடவையாவது மாற்றிப் பாருங்கள். அந்த அடுப்படி எதற்கு அதிக நேரம் செலவழிக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது மெனுவில் விலை கூடின பண்டமாக இருக்காது. கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் பெஷாவரி என்று ஓர் உணவகம் உண்டு. டெல்லியின் புகாரா உணவகத்தின் வழி வந்தது. அங்கே பேர்போனது கறுப்பு உளுந்தில் செய்யும் பருப்பு. விடிய விடியச் சிறு தணலில் வேகிறது. பட்டியலில் இருக்கும் இறைச்சி வகைகளைவிட விலை குறைவு. அதோடு, அங்கே ஸ்பூன், ஃபோர்க் தருவது வழக்கமில்லை. கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டுக் கையால் சாப்பிடச் சொல்வார்கள். எந்தக் கையில் கத்தி பிடிப்பது என்று நடுங்கவேண்டியதில்லை.

டி.டி.கே. சாலையில் ஓர் ஓட்டலுக்குள் தக்ஷின் என்ற உணவகம் இருந்தது. அந்த ஓட்டல் எத்தனை பெயர் மாறினாலும் ஆட்டோக்காரர்களுக்குக் கடைசிவரை அடையாறு கேட்தான். அங்கே ஐயர் டிராலி என்று ஒரு வண்டி மேசை மேசையாக வரும். கண் முன்னாலேயே குட்டி வாழைப்பழ தோசையும் பணியாரமும் சுட்டுப் போடுவார்கள். வீட்டில் அம்மா செய்வதுதான், ஆனாலும் வண்டி நம் மேசையை நோக்கித் திரும்பும்போது ஒரு சந்தோஷம். 2023 டிசம்பரில் அந்த ஓட்டலை மூடிவிட்டார்கள். இன்னொரு தடவை போகலாம் என்று தள்ளிப்போட்டுப் போகாமலே போன இடங்கள் எனக்கு இதுபோல் நிறைய.

எதற்குமே வழி உண்டு என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆவர்த்தனா என்ற உணவகத்தில் தக்காளி ரசத்தைத் தெளியவைத்து மார்ட்டினி கிளாஸில் தருகிறார்கள். 7, 9, 11, 13 என்று வரிசை வரிசையாகப் பண்டங்கள். மாணவர் கணக்கில் அதற்குக் குறுக்குவழி கிடையாது. அது முதல் சம்பளத்துக்கு, இல்லை நாலாவது சம்பளத்துக்கு.

இவ்வளவையும் எழுதி, கடைசியில் ஒன்று சேர்த்திருந்தேன்: வாசலில் "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டால், "சாப்பிடணும்" என்று சொல்லுங்கள்.

போன வாரம் பதில் வந்தது. மறுபடி போயிருக்கிறார்கள், மதியத்தில். அதே செக்யூரிட்டி, அதே கேள்வி. "சாப்பிடணும்ணா" என்றதும் அவரே முன்னால் வந்து கதவைத் திறந்துவிட்டாராம். சூப் ஒன் பை டூ கேட்பது நம் ஊர் வழக்கம். இவர்கள் ஒன் பை த்ரீ கேட்டிருக்கிறார்கள். மூன்று கிண்ணங்களில் அளவாக ஊற்றி வந்திருக்கிறது. பிறகு ஒரு பிரியாணி, இரண்டு ரொட்டி, நடுவில் வைத்து மூன்று ஸ்பூனால் ஒரு இனிப்பு. 1,750 ரூபாய், வரி 315, ஆக 2,065. பில்லை மடித்துக் கடிதத்தோடு இணைத்திருந்தார். சர்வீஸ் சார்ஜ் போடவில்லை. பன் கூடை வந்ததா என்று எழுத மறந்துவிட்டார். பரிமாறியவருக்கு 50 ரூபாய் கொடுத்ததுபோக மீதி 285 ரூபாய் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குத் திரும்பிவிட்டதாம்.

அன்புடன்,
ஆசிரியர்